போலி கண்டென்சர் மைக் ஜோடி: ஒன்றில் இரைச்சல் மிகுதி, சரிசெய்யத் தகுமா?

கேட்டவர்:

வணக்கம். நாய்மன் நிறுவனத்தின் கே.எம். 184 என்று பெயர் பொறித்த இரண்டு சிறு கண்டென்சர் மைக்குகளை ஒருவரிடமிருந்து பழைய பொருளாக வாங்கினேன். உண்மையான மைக்கின் எடை ஏறக்குறைய 80 கிராம் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் உள்ளது. என்னிடம் இருப்பவற்றில் ஒன்று 97 கிராமும் மற்றொன்று 93 கிராமும் இருக்கின்றன; நீளமும் விட்டமும் மட்டும் சரியாக இருக்கின்றன. விற்றவரிடமிருந்து பதில் இல்லை என்பதால் பணத்தைத் திரும்பப் பெறும் பேச்சை விட்டுவிட்டு, இரண்டையும் பிரித்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் போர்டுகள் ஒன்று பச்சை, ஒன்று நீலம். முதல் மைக் ஓரளவு நன்றாகவே ஒலிக்கிறது. இரண்டாவதில் மூன்று குறைகள்: தூரத்தில் மழை இரைவது போன்ற கனத்த இரைச்சல், உடலைக் கையால் தொட்டால் வரும் உறுமல், ஈரமான காலைகளில் 'பட் பட்' என்ற வெடிப்பு. மல்டிமீட்டரில் காப்சூல் (ஒலியை வாங்கும் சவ்வு உள்ள தலைப்பகுதி) முனையை அளந்தால் முதல் மைக்கில் 0.4 வோல்ட், இரண்டாவதில் எதுவும் இல்லை. ஆகவே இரண்டுமே எலெக்ட்ரெட் வகை, அதாவது நிலையான மின்னேற்றத்தைத் தன்னிடமே கொண்டு, காப்சூலுக்கு வெளி மின்னழுத்தம் வேண்டாதவை, என்று கருதுகிறேன். இரண்டிலும் காப்சூலின் சமிக்ஞையை வாங்கும் டிரான்சிஸ்டரான எஃப்.இ.டி.யை எடுத்துவிட்டு, இரைச்சல் குறைவு என்று பெயர் பெற்ற 2எஸ்கே170 போடலாமா?

மறுமொழி 1:

வணக்கம். டிரான்சிஸ்டரைத் தொடும் முன் அந்த 0.4 வோல்ட்டைக் கவனியுங்கள், அது தோன்றுவதைப் போலச் சிறியதன்று. காப்சூலுக்கு மின்னழுத்தம் பொதுவாக 1 கிகாஓம் மின்தடையின் வழியாகவே செல்கிறது. உங்கள் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்றால், மீட்டரை வைத்த கணத்திலேயே அந்த மின்னழுத்தம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். உண்மையில் அங்கே 40 வோல்ட் இருக்கலாம். மின்தடையின் காப்சூல் பக்கத்தில் அளக்காமல், மின்சாரம் வந்து சேரும் பக்கத்தில் அளந்து சொல்லுங்கள்.

கூடவே, ஃபான்டம் மின்சாரத்தை (மைக் கேபிளின் வழியாகவே மைக்குக்கு வரும் மின்சாரம்) இயக்கி, மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர் இணைப்பில் 1-ஆம் முனையை அடிப்படையாகக் கொண்டு 2-ஆம், 3-ஆம் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை, மைக் இணைந்திருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து பாருங்கள். இவ்விரு முனைகளுக்கும் 6.8 கிலோஓம் மின்தடைகள் வழியாகவே மின்சாரம் வருவதால், குறைந்த வோல்ட்டை 6.8-ஆல் வகுத்தால் மைக் ஒவ்வொரு முனையிலும் இழுக்கும் மில்லிஆம்பியர் கிடைத்துவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும் சுற்று ஒன்றுதானா என்பதை இந்த ஓர் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்டவர்:

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். மைக் இல்லாதபோது 47.6 வோல்ட், முதல் மைக்கை இணைத்தால் 41, இரண்டாவதை இணைத்தால் 44.2. அதாவது முதலாவது இரு முனைகளிலும் சேர்த்து 1.94 மில்லிஆம்பியர் எடுக்கிறது, இரண்டாவது 1 மில்லிஆம்பியர்தான். பெரிய மின்தடையின் மறுபக்கத்தில் முதல் மைக்கில் 40 வோல்ட் இருக்கிறது. இரண்டாவதில் அது நேராக எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

மறுமொழி 1:

அப்படியானால் உங்களிடம் இருப்பது ஜோடியே அன்று. முதலாவது வெளியிலிருந்து மின்னழுத்தம் பெறும் காப்சூல் கொண்ட மைக், இரண்டாவது எலெக்ட்ரெட். ஒரே பெயரைப் பொறித்துவிட்டார்கள், அவ்வளவுதான். முதலாவது நன்றாக ஒலிப்பதால் அதை மூடி வைத்துவிடுங்கள்.

இரண்டாவதின் உறுமல் எளிதான சங்கதி. உலோக உடலுக்கும் 1-ஆம் முனைக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, எக்ஸ்.எல்.ஆர் பகுதியைப் பிடிக்கும் திருகு வந்து அமரும் இடத்தில் பூச்சு மறைத்திருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டினால் போதும்.

ஈரக்காலத்து வெடிப்பு, எஃப்.இ.டி.யின் கேட் முனையை (சமிக்ஞை நுழையும் கால்) சுற்றிப் படிந்திருக்கும் ஃப்ளக்ஸால் (சால்டர் செய்யும்போது மிஞ்சும் பிசின்) வருவது. கிகாஓம் அளவில் மின்தடை இருக்கும் இடத்தில் விரல் ரேகைகூட ஒரு கசிவுப் பாதைதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் இருமுறை துடைத்து, முழுதும் காய விடுங்கள். அதன்பின் அந்தப் பகுதியை விரலால் தொடாதீர்கள். காப்சூலைக் கழற்றித் தனியே வைத்துவிட்டே இதைச் செய்யுங்கள். சவ்வின்மேல் ஒரு துளி பட்டாலும் காப்சூல் கெட்டுவிடக்கூடும்.

இரைச்சல் காப்சூலில் பிறக்கிறதா, சுற்றில் பிறக்கிறதா என்பதை அறிய, காப்சூலுக்குப் பதிலாக 47 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்து, போர்டை மூடி போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை எர்த் செய்து கேட்டுப் பாருங்கள். பெரிய மின்தடையின் நிறப்பட்டைகளையும் எழுதுங்கள்.

கேட்டவர்:

டப்பாவுக்குள் வைத்தாலும் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. பட்டைகள்: பழுப்பு, கருப்பு, ஊதா.

மறுமொழி 1:

அப்படியானால் இரைச்சல் பிறப்பது சுற்றில்தான். அந்தப் பட்டைகள் காட்டுவது 100 மெகாஓம். குற்றவாளி அதுதான், அதை எடுத்துவிட்டு 1 கிகாஓம் போடுங்கள். மின்தடை கூடினால் இரைச்சலும் கூடும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இங்கே நடப்பது நேர்மாறு: மின்தடையின் வெப்ப இரைச்சலை காப்சூலின் கொள்திறன் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் அளவு) வடிகட்டுவதால், மின்தடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு இரைச்சல் நாம் கேட்கும் அலைவெண்களுக்குக் கீழே ஒதுங்கிவிடுகிறது. மொத்தக் கொள்திறன் 50 பிகோஃபாரட் என்று கொண்டால், 100 மெகாஓம் மின்தடைக்கு வடிகட்டல் தொடங்கும் எல்லை 32 ஹெர்ட்ஸில் விழும். 1 கிகாஓமுக்கு 3.2 ஹெர்ட்ஸில். இப்படி மாற்றினால் எல்லைக்கு மேலே இம்மின்தடையால் வரும் இரைச்சல் 10 டெசிபல் இறங்கும். நீங்கள் கேட்ட 'மழை இரைச்சல்' கனத்து ஒலித்ததற்குக் காரணமும் இதுவே, எஃப்.இ.டி.யின் இரைச்சலாக இருந்திருந்தால் 'ஸ்ஸ்' என்று கூர்மையாகக் கேட்டிருக்கும்.

2எஸ்கே170 வேண்டாம். அதன் உள்ளீட்டுக் கொள்திறன் 30 பிகோஃபாரட். காப்சூலின் கொள்திறனும் அதே வரிசையில் இருக்கும்போது, சமிக்ஞையில் நல்ல பங்கு டிரான்சிஸ்டரின் வாசலிலேயே தேய்ந்துவிடும். மாற்றியே தீர வேண்டுமானால் 13 பிகோஃபாரட் கொண்ட 2எஸ்கே209 மேல். அப்போதும் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் காலில் உள்ள மின்தடையை அந்த டிரான்சிஸ்டருக்கு ஏற்றபடி மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சுற்றைத் திருத்தலாம், காப்சூலைத் திருத்த முடியாது என்பதையும் நண்பர் மனத்தில் கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் இரண்டு மைக்குகளையும் தலையோடு தலை ஒட்டி வைத்து ஒரே பேச்சைப் பதிவுசெய்து, அளவைச் சமன்செய்து, ஒன்றின் துருவத்தைத் திருப்பிக் கூட்டிப் பாருங்கள். மிஞ்சி ஒலிப்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. நிறைய மிஞ்சினால் ஸ்டீரியோ பதிவுக்கு இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம். பொறித்த பெயரையும் அழித்துவிடுங்கள். நாளை இவை உங்கள் கையைவிட்டுப் போனால் இன்னொருவர் ஏமாறக் கூடாது.

கேட்டவர்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். திருகின் அடியில் கறுப்புப் பூச்சு இருந்தது. சுரண்டியதும் உறுமல் நின்றது. துடைத்த பின் இரண்டு ஈரமான காலைகள் வெடிப்பின்றிக் கழிந்தன. 1 கிகாஓம் மின்தடையின் ஒரு காலையும் கேட் காலையும் போர்டில் படாமல் காற்றிலேயே சேர்த்து சால்டர் செய்தேன். மழை ஓய்ந்துவிட்டது, மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் மிச்சம், அது பேச்சுக்கு இடைஞ்சலாக இல்லை. பழைய எஃப்.இ.டி.யையே விட்டுவைத்தேன். துருவம் திருப்பிய சோதனையில் அடி ஒலிகள் கரைந்துபோயின, ஆனால் 'ச', 'ஸ' எழுத்துகள் எல்லாம் அப்படியே நின்றன. ஆகவே ஒன்று பேச்சுக்கும் மற்றொன்று கருவி இசைக்கும் தனித்தனியாக இருக்கும். பெயரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1, 2 என்று எழுதியிருக்கிறேன்.