ஹாலோவீன் விருந்து எங்கள் வீட்டில். அத்தையும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்

எடிசன்வாசி:
நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், இந்த ஆண்டு ஹாலோவீன் விருந்து எங்கள் வீட்டில்தான் என்று வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டு, கடைசியாக என்னிடம் சொன்னாள். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்கும் நாள். அக்டோபர் 31, வெள்ளி மாலை. பன்னிரண்டு பிள்ளைகள்.

உடன்குடியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். செயற்கைச் சிலந்திவலைப் பையைப் பிரித்தபோதே தொடங்கிவிட்டார்: "தீபாவளிக்கு முந்தின வாரம்தானே ஒட்டடை அடித்தோம்? இப்போது காசு கொடுத்து ஒட்டடை வாங்கி ஒட்டுகிறாயே!" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரம்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் பேச்சே இல்லை.

வாசலில் விளக்கு வைக்கும் பூசணியில் முகத்தை எப்போது செதுக்குவது? என்ன சமைப்பது? அத்தையை என்ன செய்வது?

பிரிஸ்கோ மாமா:
டெக்ஸஸில் ஆறு ஆண்டுகளாக இந்த விருந்தை நடத்துகிறேன். முதல் ஆண்டு ஆர்வக்கோளாறில் ஒரு வாரம் முன்பே பூசணியைச் செதுக்கிவிட்டேன். எங்கள் ஊர் வெயிலில் மூன்றே நாளில் பூஞ்சை பிடித்து, முகம் உள்ளே இடிந்து, பொக்கைவாய்க் கிழவன்போல் ஆகிவிட்டது. 29ஆம் தேதிக்கு முன் கத்தியைத் தொடாதீர்கள். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டினால் விளக்கை வைத்து மேலே கவிழ்த்துவிடலாம். மெழுகுவத்தி வேண்டாம், நீளமான பேய் அங்கி போட்ட பிள்ளைகள் நடமாடும் இடம், பேட்டரி விளக்கே போதும்.

செதுக்கிய சதையில் கூட்டு வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வாசலில் வைப்பதற்கென்று விற்கும் பெரிய பூசணி வெறும் நாரும் நீருமாக இருக்கும். நான் வைத்த கூட்டை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. சமையலுக்குச் சிறிய பூசணி தனியாக விற்கிறார்கள். பெரியதில் உருப்படியானது விதை ஒன்றுதான். கழுவி, ஈரம் போகக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி ஓவனில் வறுத்தெடுங்கள்.

உணவுக்குப் பெரிய வித்தை வேண்டாம். கேழ்வரகுப் புட்டைத் தட்டில் பரப்பி, நீள பிஸ்கட்டுகளைக் குத்தி நிறுத்தினால் கல்லறைத் தோட்டம். டப்பா லிச்சியின் குழியில் கருந்திராட்சையைச் செருகினால் கண்விழி.

புகைக்கு உலர்பனி (டிரை ஐஸ், உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்குவதென்றால் கவனம். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகிவிடும். குடிக்கும் பானத்துக்குள் போடாமல், பானப் பாத்திரத்தைச் சுற்றி வைக்கும் பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றி அதில் போடுங்கள். மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா:
மிட்டாய் வாங்கும்போது உறையைப் படியுங்கள். பலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது. வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்கு என்று அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்தால், உணவில்லாத பரிசும் இங்கே உண்டு என்று பொருள். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் அது. நான் பென்சிலும் ஸ்டிக்கரும் கொடுக்கிறேன்.

குலசைக்காரி:
உடன்குடிக்காரருக்கா வேடம் புதிது? பக்கத்திலேயே குலசேகரன்பட்டினம்! முத்தாரம்மன் தசராவுக்குக் காளி, குரங்கு, கரடி, குறத்தி என்று வேடம் போட்டு வீடுவீடாகக் காணிக்கை வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவராயிற்றே. இரண்டும் ஒன்றல்ல, அங்கே நேர்த்திக்கடன், மாலை போட்டு விரதம் இருப்பார்கள். அதனால் ஒன்றென்று வாதாடாதீர்கள், கோபம் வரும். கதவு திறக்கும் வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள். நீங்கள் உள்ளே பன்னிரண்டு பேரோடு மல்லுக்கட்டும்போது வாசலுக்கும் ஓர் ஆள் வேண்டும்தானே?

எடிசன்வாசி:
நன்றி சொல்ல வந்தேன். எலும்புக்கூட்டைப் பின்பக்கத் தோட்டத்துக்கு மாற்றினேன். வாசலில் பூசணி மட்டும். அத்தை முதலில் விளக்கேற்றினார். பிறகு நாற்காலி போட்டு மிட்டாய்ச் சட்டியோடு உட்கார்ந்தார். வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, "இது என்ன வேடம்?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். அதுகளும் ஏதோ பதில் சொல்லியிருக்கின்றன. ஒரு கைப்பிடி வீதம் அள்ளிக் கொடுத்ததில் ஏழு மணிக்கே சட்டி காலி. கருப்பட்டியை உடைத்துக் கொடுக்கப் போனவரை ஓடிப்போய்த் தடுத்தேன். உறை போடாத தின்பண்டத்தை இங்கே பெற்றோர் ஏற்க மாட்டார்கள். வாசல் விளக்கை அணைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை விளக்கை அணைப்பதாவது என்று மறுத்துவிட்டார். கடைசியில் மகளின் பென்சில் பெட்டிதான் காலியானது.

மறுநாள் கடையில் மிட்டாய் பாதி விலை. நான்கு பை வாங்கி, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.