சீசன் வருமா, வராதா? 2020இல் உங்கள் ஊரில் கேட்ட வாக்குவாதங்கள்

கொலம்பஸ்வாசி:

2020 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. கோவிட் காரணமாக இலையுதிர் காலத்தில் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான், நம் கால்பந்து அல்ல) கிடையாது என்று பிக் டென் கான்ஃபரன்ஸ் அறிவித்தது. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், நெப்ராஸ்கா, விஸ்கான்சின், பர்டூ போன்ற யுனிவர்சிட்டிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு அது. திருத்திய அட்டவணையை வெளியிட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து செப்டம்பர் 16 அன்று அவர்களே மனம் மாறி 'ஆடுகிறோம்' என்று சொல்லும்வரை ஒஹாயோவில் வேறு பேச்சே கிடையாது. மளிகைக் கடை வரிசையில், பெட்ரோல் பங்கில், ஜூம் மீட்டிங்கில் எல்லாரும் வந்து சேரும்வரை இருக்கும் அந்த இடைவெளியில், எங்கும் ஒரே கேள்விதான். அப்போது இந்த ஊர்களில் இருந்தவர்கள் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்களேன். ஸ்கோர் எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எங்கே போய்த் தேடுவது?

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டில் வயதான தம்பதி. அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மா நர்ஸாக இருந்தவர். சாயங்காலம் வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். நான் ஆறடி தள்ளி நடைபாதையில் நின்று பேசுவேன். பெரியவர் கட்சி, ஆடியே தீர வேண்டும். 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூ ஊரை அரித்தபோதே மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடின, அன்றிலிருந்து அந்த ஆட்டம் ஒரு வருஷம்கூட நின்றதில்லை என்பார். ஒஹாயோ ஸ்டேட்டின் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இணையத்தில் மனு போட்டதும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த மனுவில் 3 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது.

அந்த அம்மா குரலை உயர்த்தவே மாட்டார். "1918இல் எம்ஆர்ஐ கிடையாது. யாருடைய இதயத்துக்கு என்ன ஆச்சு என்று யாருக்குத் தெரியும்?" அவ்வளவுதான். மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, என்ற பேரை நான் முதலில் கேட்டது அந்தத் திண்ணையில்தான். செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் டாக்டர்களே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோவிட் வந்து தேறிய 26 கல்லூரி விளையாட்டு வீரர்களை எம்ஆர்ஐயில் பார்த்ததில் 4 பேருக்கு அந்த அழற்சியின் அடையாளம் இருந்தது. அம்மா பேப்பரை நான்காக மடித்து, அந்தச் செய்தி மேலே தெரியும்படி அவர் மடியில் வைத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார் மனுஷன். பிறகு, "அப்போ 22 பேர் நல்லா இருக்காங்க" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மார்ச்சில் தொடங்க வேண்டிய ஐபிஎல் தள்ளித் தள்ளிப் போய், செப்டம்பர் 19 அன்று அபுதாபியில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் சிஎஸ்கே முகாமில் மட்டும் 13 பேருக்குத் தொற்று. அப்போதும் 'ஆட்டம் நடக்கும்ல?' என்றுதான் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

ஆன் ஆர்பர் மாணவன்:

அண்ணா, எதிரி ஊரிலிருந்து, அதாவது மிச்சிகன் யுனிவர்சிட்டி ஊரிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாடியில் வாடகைக்கு இருந்த வீடு மிச்சிகன் ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரம். அந்த ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஊர் ஜனத்தொகையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர், தனியாள். ஃபுட்பாலை டிவியில்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் விடியற்காலையிலேயே எழுந்து, கையால் எழுதிய அட்டையை வாசலில் நட்டுவைத்து, புல்தரையிலும் டிரைவ்வேயிலும் கார் நிறுத்த விடுவார். காருக்கு நாற்பது, ஐம்பது டாலர். மிச்சிகன் ஸ்டேட்டோ ஒஹாயோ ஸ்டேட்டோ வருகிறது என்றால் இன்னும் கூடும். கார்களை இடித்துக்கொள்ளாமல் அடுக்குவதில் பெரிய கில்லாடி. கடைசியாக வந்தவன் முதலில் போக முடியாது என்று முன்னாடியே எச்சரித்துத்தான் காசை வாங்குவார். அந்தக் காசில்தான் வீட்டு வரி கட்டுவார்.

அதனால் ஆகஸ்ட் முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. படியில் என்னைப் பார்த்தால் போதும், "நீ யுனிவர்சிட்டியில்தானே இருக்கிறாய், என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்பார். பிஎச்டி மாணவனிடம் யுனிவர்சிட்டி என்றைக்கு எதைச் சொல்லியிருக்கிறது? அவருக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஒரு நாள் ஆடினால் நல்லது என்பார். மறுநாள், லட்சம் பேர் வந்து இருமினால் இந்தத் தெருவில் முதலில் போகிற ஆள் நான்தான் என்பார்.

செப்டம்பர் 16 காலையில் கீழேயிருந்து ஒரே சத்தம். ஓடிப் போனால் ரேடியோ பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறார். முழுச் செய்தியையும் நான் போனில் படித்துக் காட்டினேன். அக்டோபர் 23-24 வாரக் கடைசியில் தொடக்கம். தினசரிப் பரிசோதனை. பொதுமக்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தக் கடைசி வரியில் நிறுத்தி, "அப்போ கார்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்போ எதுக்குடா சீசன்" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை விட்டார், இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 20 அன்று, இளநிலை மாணவர்கள் தங்கும் இடத்தைவிட்டு வெளியே சுற்றக் கூடாது என்று கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகம் உத்தரவு போட்டது. அதே வாரக் கடைசியில் எங்கள் அணி மினசோட்டா போய் 49-24 என்று ஜெயித்து வந்தது. இரண்டு செய்தியும் ஒரே நாளிதழில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் எப்படிப் படிப்பது?

நெப்ராஸ்கா நண்பன்:

எங்க டீம் லீட் லிங்கன்காரர், நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி இருக்கிற ஊர். மூணு தலைமுறையா சீசன் டிக்கெட் வெச்சிருக்கிற குடும்பம். இங்க 1962லேர்ந்து ஒரு ஆட்டம்கூட டிக்கெட் மிச்சமாகி நடந்ததில்ல. ஆட்ட நாள்ல ஸ்டேடியமே ஸ்டேட்ல மூணாவது பெரிய ஊராயிடும்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல போய் சீசன் இல்லன்னா?

காலை மீட்டிங்ல முதல் பத்து நிமிஷம் ப்ராஜெக்ட் கிடையாது, பிக் டென் கமிஷனர் கெவின் வாரனுக்கு அர்ச்சனைதான். ஆகஸ்ட் 27 அன்னைக்கு எங்க பிளேயர்ஸ் 8 பேர் பிக் டென் மேல கேஸ் போட்டாங்க. ஓட்டெடுப்பு நடந்துச்சா இல்லையாங்கிறதே அதுவரைக்கும் குழப்பம். கோர்ட்ல தாக்கல் பண்ணின பதில்லதான் 11-3னு வெளிய வந்துச்சு. ஆடணும்னு சொன்ன மூணு நெப்ராஸ்கா, ஒஹாயோ ஸ்டேட், அயோவா. அன்னைக்கு லீட் முகத்தைப் பாக்கணுமே, அவரே கேஸ் ஜெயிச்ச மாதிரி. எனக்கு எச்1பி விசா, மேனேஜர்கிட்ட போய் 'ஆடாம இருந்தா நல்லது சார்'னா சொல்ல முடியும்? தலையாட்டிட்டே இருந்தேன்.

கடைசில சீசன் வந்துச்சு. அட்டவணையப் பாத்தா முதல் ஆட்டமே கொலம்பஸ்ல, ஒஹாயோ ஸ்டேட்டோட. 52-17. கேட்டு வாங்கின அடி. அடுத்த வாரம் விஸ்கான்சின் இங்க வரணும், அவங்க கேம்ப்ல கோவிட்டுன்னு ரத்து. சும்மா இருக்க மனசில்லாம சட்டனூகா யுனிவர்சிட்டியைக் கூப்பிட்டு ஆடலாம்னு பாத்தாங்க, பிக் டென் முடியாதுன்னுடுச்சு. லீட் அந்தத் திங்கக்கிழமை கேமராவே ஆன் பண்ணல.

மேடிசன் லேப் அக்கா:

அந்த ரத்தான ஆட்டத்தின் இன்னொரு பக்கம் என்னிடம் இருக்கிறது, தம்பி.

மேடிசன்தான் விஸ்கான்சின் யுனிவர்சிட்டி ஊர். நான் இங்கே மருத்துவமனை லேபில் வேலை. எங்கள் அபார்ட்மெண்ட்டில் துணி துவைக்கும் அறை பொது. அங்கே அடிக்கடி ஒரு பையனைப் பார்ப்பேன், யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் இடம் கிடைக்காததற்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவன். செப்டம்பரில் செல்லரி, விட் என்ற இரண்டு ஹாஸ்டல்களை யுனிவர்சிட்டி முடக்கி, இரண்டு வாரம் உள்ளேயே கிடங்கள் என்று சொன்னபோது அவன் வருத்தம் தீர்ந்தது.

சீசன் திரும்ப வருகிறது என்று அறிவித்த வாரம், டிரையரில் துணியைப் போட்டுக்கொண்டே துள்ளுகிறான். "பார்த்தீர்களா, தினமும் டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள், இனி பயமே இல்லை" என்றான். எனக்கு வந்ததே கோபம். என் வார்டு நர்ஸுகளுக்கு இருமல் வந்தால்தான் டெஸ்ட், அதிலும் ரசாயனம் தட்டுப்பாடாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பந்து பிடிக்கிற பிள்ளைக்குத் தினம் ஒன்றா என்று கேட்டேன். அவன் சளைக்கவில்லை. "அவர்களால் வருகிற பணத்தில்தான் மற்ற விளையாட்டுகளே நடக்கின்றன" என்றான். உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை இரவு இல்லினாயுடன் முதல் ஆட்டம். எங்கள் புது க்வார்ட்டர்பேக் பையன் கிரஹாம் மெர்ட்ஸ் 21 பாஸில் 20 சரியாகப் போட்டான், 5 டச்டவுன் (நம் கால்பந்தில் கோல் மாதிரி). 45-7. அடுத்த சில நாளில் அவனுக்கே பாசிட்டிவ். பிக் டென் விதிப்படி பாசிட்டிவ் ஆனால் குறைந்தது 21 நாள் களத்துக்கு வரக் கூடாது, இதயப் பரிசோதனையும் உண்டு. பிறகு வரிசையாக ஆட்டக்காரர்கள், கோச் எல்லாருக்கும். நெப்ராஸ்கா ஆட்டம் போச்சு, அடுத்து பர்டூ ஆட்டமும் போச்சு. துணி அறையில் அவனைப் பார்த்தேன். "21 நாள் அநியாயம்" என்றான். அந்த விதி இல்லையென்றால் டாக்டர்கள் ஒப்புக்கொண்டே இருக்க மாட்டார்கள், உனக்கு அந்த ஒரு ஆட்டமும் கிடைத்திருக்காது என்றேன். பதில் சொல்லாமல் சாக்ஸ் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான்.

பர்மிங்ஹாம் பாய்:

அலபாமாலேர்ந்து ஒரு சின்ன வரவு. எங்க ஊர்ல 'வருமா வராதா'ன்னு ஒருத்தரும் கேக்கல. 'எத்தனை பேரை உள்ள விடுவாங்க'ங்கிறதுதான் கேள்வி. எஸ்இசி, அதாவது பிக் டென் மாதிரி தெற்குப் பக்க யுனிவர்சிட்டிகளோட கூட்டமைப்பு, செப்டம்பர் 26 ஆரம்பிச்சுது, டஸ்கலூசால இருக்கிற அலபாமா யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 20 சதவீதம் ஆளுங்க. நான் முடி வெட்டுற கடைல ரெண்டு சேர், ஒண்ணு அலபாமா அணிக்காரர், இன்னொண்ணு அதோட எதிரி ஆபர்ன் அணிக்காரர். பேச ஆரம்பிச்சா ரெண்டு பேர் மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிடும். பிக் டென் ஆடலன்னு நியூஸ் வந்தப்போ ரெண்டு பேரும் முதல் தடவையா ஒரே கருத்துல இருந்தாங்க: ஒரு தொல்லை விட்டுது.

அப்புறம் ஆபர்னோட ஆடுற வாரம் அலபாமா கோச் நிக் சேபனுக்கே பாசிட்டிவ். வீட்ல உக்காந்து டிவில பாத்தார். அவர் இல்லாமயே 42-13. ஆபர்ன்காரர் ஒரு மாசம் என் தலையை ஒழுங்கா வெட்டல.

சும்மா படிப்பவன்:

அந்த டிசம்பரில் அமெரிக்காவில் கோவிட் சாவு எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் பந்தாட்டம் வருமா வராதா என்று கவலைப்பட்டவர்களைப் பற்றி இவ்வளவு பாசமாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

மேடிசன் லேப் அக்கா:

நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்த சிலருடைய ரிசல்ட் என் கை வழியாகப் போனது. எங்கள் லேபில் இடைவேளையில் நாங்கள் பேசியதும் மெர்ட்ஸ் எப்போது திரும்புவான் என்பதைத்தான். வேறெதையும் பேசத் தெம்பில்லை.

பர்டூ அம்மா:

என் மகள் பர்டூ பேண்டில் கிளாரினெட். கடைசி வருஷம். சீசன் வருகிறது என்றதும் எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸப்பில் எல்லாரும் வாழ்த்து போட்டுவிட்டார்கள், 'குட்டி டிவியில வருவா' என்று. வீரர்களுக்கு மட்டும்தான் அனுமதி, பேண்டுக்கும் சியர்லீடர்களுக்கும் கிடையாது என்று பிறகு தெரிந்தது. அதை ஒவ்வொருத்தருக்காகச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இவ்வளவு பேர் சண்டை போட்டார்களே, ஆட்டக்காரர், கோச், பெற்றோர், அரசியல்வாதி, எல்லாரும் 'சீசன்' என்று சொன்னது 22 பேர் களத்தில் நிற்பதை மட்டும்தான். பேண்டு, பார்க்கிங், பாப்கார்ன் விற்கிற பையன், இவர்களைப் பற்றி வருமா வராதா என்று யாருமே வாதாடவில்லை. அந்த ஆன் ஆர்பர் அம்மா சொன்ன கெட்ட வார்த்தையை நானும் தமிழில் சொல்லியிருக்கிறேன்.

அயோவாவுடன் முதல் ஆட்டம். எங்கள் கோச் ஜெஃப் ப்ரோமுக்குத் தொற்று, அவர் தம்பி நின்று நடத்தினார், 24-20 ஜெயித்தோம். மகள் அறையை விட்டு வரவில்லை. பிறகு ரீப்ளேயில் பார்த்துவிட்டு, "டச்டவுனுக்கு அப்புறம் ஸ்பீக்கர்ல எங்க பாட்டை ஓடவிட்டிருக்காங்க, டெம்போ தப்பு" என்றாள்.

கொலம்பஸ்வாசி:

பர்டூ அக்கா சொன்னதுதான் எனக்கும். ஊரெல்லாம் 'வரும்', 'வராது' என்று இரண்டே கட்சி. பாதி வரும் என்று சொன்ன ஆளை நான் பார்க்கவே இல்லை. எங்களுக்கு மேரிலாண்ட் ஆட்டம் ரத்து, இல்லினாய் ஆட்டம் ரத்து. டிசம்பர் 12 மிச்சிகன் ஆட்டமும் அவர்கள் அணியில் தொற்று என்று ரத்து. 1918இலிருந்து ஓடிவந்த வரிசை அங்கே அறுந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் அதற்கு அழுதாரா என்று கேட்காதீர்கள். 5 ஆட்டம்தான் ஆடியிருக்கிறோம், பிக் டென் இறுதிக்குப் போக 6 வேண்டும் என்று விதி, அதை நமக்காக மாற்றிவிட்டார்கள் என்று குஷியாக இருந்தார். அந்த அம்மாதான், "விதியை எழுதினவங்களே அழிக்கிறாங்க" என்று முணுமுணுத்தார். கடைசியில் நேஷனல் சாம்பியன்ஷிப் வரை போய் அலபாமாவிடம் 52-24 என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

நெப்ராஸ்கா நண்பன்:

அண்ணா, அந்த 52ங்கிற நம்பர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?

கொலம்பஸ்வாசி:

இருக்கும் இருக்கும். ஆன் ஆர்பர் தம்பி, உங்க வீட்டுக்காரம்மா அடுத்த வருஷம் மறுபடி அட்டை வைத்தாரா?

ஆன் ஆர்பர் மாணவன்:

வைத்தார் அண்ணா. 2021 நவம்பர் 27, பனி கொட்டுகிறது, நீங்கள் 42-27 என்று தோற்ற அன்றைக்கு, புல்தரையில் ஒரு அடி காலியில்லை. விலையில் பத்து டாலர் ஏற்றம். ஒஹாயோ நம்பர் பிளேட் என்றால் இருபது.