ஓடை ஆய்வுக்குப் போன இடத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று, சொல்லுங்கள்

கரைமேடு:
கரையோரம் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம். கூட வந்தவர் பார்த்தவுடனே படிவத்தில் 'டீசல் கசிவு' என்று எழுதிவிட்டார். நான் ஒரு குச்சியால் கிழித்துப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றது. எண்ணெய் என்றால் சுழன்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். அடியில் ஆரஞ்சு நிறச் சேறு வேறு, இரும்பு பாக்டீரியாவேதான், தண்ணீரில் கரைந்த இரும்பைத் துருவாக்கி வாழும் இயற்கை நுண்ணுயிர். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, அறிக்கையில் டீசல்தான் போயிருக்கிறது!

நீர்த்தடம்:
குச்சி சோதனை சரி, ஆனால் அதை மட்டும் வைத்து எண்ணெயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கலாம். எங்களுக்கு மழைநீர்க் குழாய். மழை நின்று 72 மணி நேரம் தாண்டியும் விரல் பருமனுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஊற்றுநீர் என்றார்கள். சாயமோ வெண்மையூட்டியோ படாத பஞ்சைக் கம்பிவலையில் கட்டிக் குழாய் வாயில் விட்டுவந்தோம். பிறகு அதைக் காயவைத்து இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்தால் பளீரென்று நீலம். சலவைத்தூளில் கலக்கும் வெண்மையூட்டி! ஊற்றுநீர் துணியா துவைக்கிறது?

பழைய கூழாங்கல்:
இரண்டு பேரும் தண்ணீரையே பார்க்கிறீர்கள், படுகையைப் பார்க்கவில்லை. புதிதாகக் கல் அடுக்கிச் சீரமைத்த கரையைத் தாண்டி, நீர் ஓடும் திசையில் சற்றுத் தள்ளி, முழங்கால் உயரத்துக்குப் படுகை படியாக உடைந்திருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் அந்தப் படி மேல்நோக்கி நகர்ந்து, கல் வரிசையின் அடியைத் தோண்டிவிட்டது. அதனால் சொல்கிறேன், கரையைத் தொடும் முன், படுகையில் எந்த அளவுக் கற்கள் இருக்கின்றன என்று தெரிய, கூழாங்கல் எண்ணுங்கள். அமெரிக்க ஆற்று ஆய்வாளர் வோல்மன் 1954-ல் சொன்ன முறைதான்: கரைக்குக் கரை குறுக்கே நடந்து, குனியும்போது வேறெங்காவது பார்த்துக்கொண்டு, கால் பெருவிரல் நுனியில் முதலில் விரல் படும் கல்லை எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை பெரிய கல்லுக்கே போகும். நீளமும் வேண்டாம், தடிமனும் வேண்டாம், நடு அளவை எடுங்கள், குறைந்தது 100 கல். அப்புறம் கல் எவ்வளவு தூரம் மணலில் புதைந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரக்கால்:
இதை யார் கேட்டார்கள் ஐயா? சரி, என்னுடையது. நண்பகலில் மீட்டரை விட்டால் ஆக்ஸிஜன் அமோகம். கல்லைப் புரட்டினால் ஆக்ஸிஜன் குறைந்தாலும் தாங்கும் சிவப்பு ரத்தப்புழுக்கள் மட்டும் நெளிகின்றன, ஆக்ஸிஜன் நிறைய வேண்டிய மேஃபிளைப் பூச்சியின் குஞ்சு ஒன்றுகூட இல்லை. பாசி பகலில் ஆக்ஸிஜனை ஏற்றும், இரவில் தானே குடித்துவிடும். விடியும் முன் போய் அளந்தபோதுதான் மீட்டரும் புழு சொன்னதையே சொன்னது. நீர்த்தடம், அந்தப் பஞ்சை எத்தனை நாள் விட்டு வைத்தீர்கள்? எங்கள் குழாயில் வண்டல் மூடிவிடுகிறது.