மறு: செருகுநிரல் (பிளகின்) தன்னை யாரென்று காட்டுவதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். யார் எந்தத் தரவைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் அப்பாச்சி ரேஞ்சர் மென்பொருளின் கையேட்டைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஹைவ், எச்பேஸ், காஃப்கா ஆகிய தரவு மென்பொருள்களுக்குள் ஓடும் செருகுநிரல், இயல்பமைப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை மையச் சேவையகமான ரேஞ்சர் அட்மினிடம் புதிய கொள்கை (அணுகல் விதி) உண்டா என்று கேட்கிறது. கேட்பது யார் என்பதைக் கெர்பரோஸ் (சீட்டு காட்டி அடையாளம் நிறுவும் முறை) வழியாகவோ, இருபுறமும் சான்றிதழ் காட்டும் இருவழி டிஎல்எஸ் வழியாகவோ அட்மின் சோதிக்கிறது. பழைய பதிப்பில் இந்தச் சோதனைக்கு 'அங்கீகாரம்'. அனுமதி என்பதற்கும் அதே சொல்தான். மாற்று சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
'பொறியுறுதி' எனலாம். பட்டினப்பாலையில் சுங்கத்தார் பண்டத்தில் புலி பொறித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பொறித்தல் முத்திரையிடல், ஐம்பொறி என்னும்போது புலனுறுப்பு, 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்னும் குறளில் அதுவே ஊழைக் குறிக்கும். இவ்வளவு ஆழமுள்ள வேர் கையிலிருக்க அங்கீகாரம் எதற்கு?

ஹடூப் நிர்வாகி:
ஐயா, பொறி என்றால் இன்றைக்கு இயந்திரம். தவிர, சுங்கத்தில் முத்திரை இடுபவர் அதிகாரி. இங்கே செருகுநிரல் தன் கீடேப்பை (கெர்பரோஸ் சாவிக் கோப்பு) வைத்து வாங்கிய சீட்டைத் தானே கொண்டுபோய்க் காட்டுகிறது. திசையே வேறு.

எனக்கு இது வெறும் சொல் விவாதமில்லை. கெர்பரோஸ் சீட்டு வழங்கும் கேடிசியில் கடவுச்சொல் மாறி, கீடேப் பழையதாகிவிட்டது என்று வையுங்கள். அட்மின் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை என்னும் பிழை எண்) தரும். செருகுநிரலோ கடைசியாக இறக்கிய கொள்கைக் கோப்பை வைத்தே முடிவெடுத்துக்கொண்டிருக்கும். வினவல்கள் வழக்கம்போல் ஓடும். நேற்று அனுமதி பறிக்கப்பட்டவர் இன்றும் அட்டவணையைப் படிப்பார். பதிவுக் கோப்பில் 'அங்கீகாரம் தோல்வி' என்று பார்ப்பவர் பயனரின் உள்நுழைவைத் தோண்டிக்கொண்டிருப்பார். கெர்பரோஸ் தேறினாலும் தீரவில்லை: ரேஞ்சரில் அந்தச் சேவைக்கான அமைவில் உள்ள பதிவிறக்க அனுமதிப் பட்டியலில், செருகுநிரல் ஓடும் கணக்கான ஹைவ் பயனர் இல்லையென்றால் கொள்கை வராது. முதலாவது அடையாளம், இரண்டாவது அனுமதி. 'செருகுநிரலின் அடையாள உறுதி', 'பயனரின் அடையாள உறுதி' என்று யாருடையது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
'அடையாள உறுதி செய்யப்பட்ட செருகுநிரல்' என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். 'மெய்ப்பித்த செருகுநிரல்' எவ்வளவு கச்சிதம்! வினையாகாத கலைச்சொல் நிலைக்காது.

கல்லூரி விரிவுரையாளர்:
மெய்ப்பு என்றால் என் மாணவர்களுக்கு அச்சுப்பிழை திருத்தம். அடையாள உறுதிக்கு என் ஆதரவு. விளக்கமே இல்லாமல் புரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் ஒருபக்கம் என்பதால் 'அடையாள உறுதி' என்றே அனுப்புகிறேன். பிழைச்செய்திகளில் யாருடையது என்பதும் வரும். பயனுள்ள திருத்தம், நன்றி.

தமிழாசிரியர்:
எண்ணிக்கை உங்கள் பக்கம், சரி. சொல்லடைவில் 'பொறியுறுதி'யையும் மாற்றுச்சொல்லாகக் குறித்துவிடுங்கள். மறுபதிப்பில் மீண்டும் கேட்பேன்.