பழைய தோட்டத்து வீட்டைப் பிரித்து, மரத்தைப் புது வீட்டுக்கு எடுப்பது: அனுபவப் பகிர்வு

தச்சர், சுங்கை சிப்புட்:

ரப்பர் போய் செம்பனை வந்தபிறகு மலேசியாவில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கிராணி (எழுத்தர்) வீடுகளும் நிறையக் காலியாகக் கிடக்கின்றன. வீட்டை எடுப்பவர்கள் முதலில் கூப்பிடுவது பேக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்). அரை நாளில் வீடு தரையோடு தரையாகிவிடும், உள்ளே இருந்த நல்ல மரமும் பிளந்து விறகாகிவிடும். உடைப்பது வேறு, பிரிப்பது வேறு. நாலு ஆள் நாலைந்து நாள் நின்று பிரித்தால்தான் அந்த மரம் இன்னொரு வீட்டில் நிற்கும்.

முதலில் காகிதம். வீட்டில் யார் குடியிருந்தாலும் தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. "தூண், உத்திரம், பலகை, தகரம், கதவு, ஜன்னல்" என்று பொருள்களைப் பெயர் சொல்லி எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி லோரியில் ஏற்றினால் கேட்டிலேயே மறிப்பார்கள். இடிக்கும் அனுமதிக்கு மஜ்லிஸில் (ஊராட்சி மன்றம்) விசாரியுங்கள். மின்சாரத்துக்கு மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மீட்டரைத் தெனாகா (மின்சார நிறுவனம்) வந்து கழற்றியபிறகே கை வையுங்கள். பழைய வீடுகளில் சிலிங்குக்கு மேலே யாரோ பிறகு இழுத்த வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கட்டிய வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான் பிரிக்கும் வரிசை. கதவு, ஜன்னல், சிலிங், கூரைத் தகடு, சட்டம் (தகட்டை அடிக்கும் குறுக்குக் கட்டை), கைமரம் (சட்டத்தைத் தாங்கும் சரிவு மரம்), சுவர்ப்பலகை, உத்திரம், கடைசியில் தூண். பெரும்பாலோர் தவறுவது சுவர்ப்பலகையில். பலகை வெறும் மறைப்பு என்று நினைக்கிறார்கள். இந்த வீடுகளில் கூடு சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பலகைதான். பாதிச் சுவரை உரித்ததும் வீடு மெல்ல ஒரு பக்கம் சாயும், காற்று அடித்தால் இன்னும் வேகமாக. அதனால் பலகையில் கை வைக்கும் முன்பே நாலு மூலையிலும் ஒன்றுக்கு நாலு அங்குலக் கட்டையை உள்பக்கம் குறுக்காக, தூணின் மேல்பாகத்திலிருந்து அடுத்த தூணின் அடிவரை, முட்டுக்கு இரண்டு ஆணி வீதம் அடித்துவிடுங்கள். உத்திரத்தை இறக்கும் வரை அதைத் தொடக் கூடாது.

கூரை வேலைக்காரர், கோல கங்சார் சாலை:

அண்ணன் கூரையை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். ஆள் விழுவது அங்கேதான்.

தகரமாக இருந்தால் முகட்டிலிருந்து கீழே வாருங்கள். தகரத்தில் ஆணி வரிசை தெரியும், அதன் அடியில் சட்டம் இருக்கிறது. காலை அந்த வரிசையில் மட்டும் வையுங்கள். துரு தின்ற தகரம் நடுவில் காகிதம் மாதிரி. கழற்றிய தகரத்தைப் புது வீட்டுக் கூரைக்குப் போடாதீர்கள். பழைய ஆணித் துளை புதுச் சட்டத்தோடு ஒத்துவராது, ஒழுகும். வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும், மரம் அடுக்கும்போது மேலே மூடவும் அது அருமையான பொருள்.

ஓடாக இருந்தால் இரண்டு சரிவிலும் மாறி மாறி இறக்குங்கள். ஒரு ஓடு இரண்டரை, மூன்று கிலோ, சதுர மீட்டருக்குப் பதினைந்து என்றால் 40 கிலோ சுமை. ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கத்துப் பாரம் கைமரத்தைத் தள்ளும். எடுத்த ஓட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் விட்டிருக்கிறது.

சாம்பல் நிற அலைத் தகடு, தட்டினால் கல் மாதிரி சத்தம், உடைந்த விளிம்பில் நூல் நூலாகத் தெரிகிறது என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிலிங் தகடும் அதுவாக இருக்கலாம். அதை உடைக்க, துளை போட, கிரைண்டர் வைக்க, மேலே மிதிக்க, எதற்கும் வழியில்லை. அதன் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வருகிறது. உரிமம் உள்ள ஆளை வைத்து எடுப்பதே சரி. அவர்கள் செய்வது இதுதான்: கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து நனைப்பார்கள், போல்ட்டைக் கத்தரியால் வெட்டுவார்கள், முழுத் தகடாக இறக்குவார்கள், தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறி எழுதி ஒட்டுவார்கள். மூக்குக்கு, நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி. துணி மாஸ்க் உதவாது. அபாயக் கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதியில் இதற்கு எஸ்டபிள்யூ 201 என்று தனிக் குறியீடே உண்டு. சாதாரணக் குப்பை லோரியில் ஏற்றக் கூடாது. புதைத்துவிடலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், நாளைக்கு அதே மண்ணைத் தோண்டப்போவது நம் பிள்ளைகள்.

கேள்வி, புது வீடு கட்டுபவர்:

அண்ணே, பலகையை ஆணியோடு அடுக்கிவிட்டு, நேரம் கிடைக்கும்போது பிடுங்கிக்கொள்ளலாமா?

தச்சர், சுங்கை சிப்புட்:

வேண்டாம் தம்பி. பலகை தரையில் படுவதற்கு முன் ஆணி வெளியே வந்துவிட வேண்டும். காரணம் இரண்டு. துருப்பிடித்த ஆணி மேல்நோக்கி நிற்கும், சப்பாத்தைத் தாண்டிக் காலில் ஏறும், அதுதான் முதல் காரணம். அடுத்தது, மழையில் நனைந்தால் இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்பும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் போடும். சீவினாலும் போகாது.

பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், மேலிருப்பது கீழிருப்பதன் விளிம்பை மூடி நிற்கும். மேலிருந்தே கழற்ற வேண்டும், கீழிருந்து நெம்பினால் விளிம்பு பிளக்கும். பள்ளமும் நாக்குமாகக் கோர்த்த பலகையில் ஆணி நாக்குக்குள் ஒளிந்திருக்கும். கடைசியாக அடித்த பலகையைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள், அதற்குரிய ரம்பத் தகட்டை இடுக்கில் விட்டு ஆணியை அறுங்கள். கடப்பாரைக்கு அடியில் எப்போதும் ஒரு மெல்லிய துண்டுப்பலகை, இல்லாவிட்டால் முட்டுக் கொடுத்த இடமெல்லாம் குழி விழும். தட்டைத் தலை ஆணியைப் பின்பக்கக் கூர்முனையில் தட்டித் தலையை எழுப்பி முன்பக்கம் பிடுங்குங்கள். சின்னத் தலை ஆணியைப் பின்பக்கத்திலிருந்தே குறட்டால் இழுத்துவிடுங்கள், முகம் சிதையாது.

எவ்வளவு வேலை என்பதற்கு ஒரு கணக்கு. 20க்கு 24 அடி வீடு, வெளிச்சுவர் சுற்று 88 அடி, அடியில் மூன்றடிச் செங்கல், மேலே ஐந்தடிப் பலகை. கதவு ஜன்னலுக்கு 80 சதுர அடி கழித்தால் 360 சதுர அடி. ஆறு அங்குலப் பலகையில் ஓர் அங்குலம் மேலேறல் போக மூடுவது ஐந்து அங்குலம். பத்தடிப் பலகை சுமார் 86 வேண்டும். இரண்டடிக்கு ஒரு கட்டை, கட்டைக்கு இரண்டு ஆணி என்றால் பலகைக்குப் பன்னிரண்டு, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். ஆணி பிடுங்க மட்டும் இரண்டு ஆளுக்கு இரண்டு நாள். பலகையில் நாலில் ஒன்று கழியும் என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள். 65 கிடைத்தால் நல்ல கை.

மரக்கடை வேலை, ஈப்போ:

எது எந்த மரம் என்று தெரியாமல் ஒரே குவியலாக விற்றுவிடுகிறார்கள், அதுதான் மனசு கேட்கவில்லை. தூணும் தரை உத்திரமும் பெரும்பாலும் செங்கால். (செங்கல் இல்லை, காட்டு மரம். ஃபோனில் சொல்லும்போது இது பல தடவை குழப்பியிருக்கிறது.) வெளியே சாம்பல் நிறமாகக் கிடக்கும், ஓரத்தை உளியால் சீவினால் மஞ்சள் கலந்த பழுப்பு. நாலுக்கு நாலு அங்குலம், பத்தடித் தூண் ஏறக்குறைய 30 கிலோ. ஒருவர் தனியாகத் தோளில் தூக்கும்போதே தெரிந்துவிடும். அதில் குண்டூசித் துளைகள் இருந்தால் பயப்படாதீர்கள். மரம் காட்டில் நிற்கும்போதே விழுந்த துளை அது, தூள் கொட்டாவிட்டால் பழசு. சுவர்ப்பலகை பெரும்பாலும் மெராந்தி, சிவப்பு, கைக்கு லேசு. மெர்பாவ் கிடைத்தால் பொக்கிஷம், ஆனால் மழையில் நனையும்போது சிவந்த சாயம் வடியும், புது சிமெண்டுத் தரைமேல் வைக்காதீர்கள்.

நம் ஊர் மரக்கடையில் டன் என்பது எடை இல்லை, 50 கன அடி. மேலே சொன்ன தூண் 1.11 கன அடி, ஆக 45 தூண் ஒரு டன். பன்னிரண்டு தூண் உள்ள வீட்டில் கால் டன்னுக்குச் சற்று மேலே. தவுக்கேயிடம் (கடை முதலாளி) பேசப் போகும்முன் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கரையானைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் போதும். அடியில், முட்டில், குளியலறைப் பக்கத்தில் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்து எறியுங்கள். தூணின் கீழ்ப்பகுதியில் ஓர் அடி எப்போதும் போகும். அதனால் பத்தடி ஒன்பதடியாகும், புது வீட்டில் அது வரவேற்பு வராந்தாவுக்குச் சரி: ஆறு அங்குலக் கான்கிரீட் பீடம், மேலே தூணின் அடியைப் பிடிக்கும் இரும்புக் காலணி, அதன்மேல் தூண். மரம் மறுபடியும் ஈரத்தைத் தொடாது.

சுகாதார வேலை, தோட்டத்துப் பக்கம்:

இரண்டு விஷயம். தரைக்கடியிலும் சிலிங்கிலும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் அபாயம் உண்டு. பூட்ஸ், ரப்பர் கையுறை, கையில் கீறல் இருந்தால் பிளாஸ்திரி. நாகமும் குளவியும் இருக்கிறதா என்று காலை வெளிச்சத்தில் முதலில் பாருங்கள். அடுத்தது, எடுத்துவைத்த ஓடு, பழைய சிங்க், தகரம் எல்லாம் மழைத் தண்ணீர் பிடிக்கும், ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் பெருகும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டு சட்டத்தில் அதற்கு அபராதம் உண்டு. கவிழ்த்து வையுங்கள். கழிந்த மரத்தைத் திறந்தவெளியில் எரிக்கவும் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளுக்கு ஆகாது.

தச்சர், சுங்கை சிப்புட்:

அக்கா சொன்ன பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள்.

அடுக்குவதில்தான் பாதி மரம் வீணாகிறது. இரண்டடிக்கு ஒரு கட்டை, தரையிலிருந்து ஆறு அங்குல உயரம். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓர் அங்குலக் குச்சி, எல்லாக் குச்சியும் நேர்க்கோட்டில், இல்லாவிட்டால் பலகை வளைந்துபோகும். மேலே மட்டும் அந்தப் பழைய தகரம், பக்கம் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் படுதாவால் முழுக்கப் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

தலைவாசல் நிலையைப் புது வீட்டுக்கு வைப்பதா வேண்டாமா என்று வீட்டுப் பெரியவர்களிடமும் மேஸ்திரியிடமும் அறுப்பதற்கு முன் கேளுங்கள். சிலர் பழைய மரத்தைத் தலைவாசலுக்கு வைப்பதில்லை, உள் அறைக்கு வைப்பார்கள். நிலையைக் குறுக்கே அறுத்துவிட்டால் பிறகு இரண்டுக்கும் உதவாது. மரத்தைப் பாரம் தாங்கும் இடத்தில் வைப்பதாக இருந்தால் வரைபடக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய நாலுக்கு இரண்டு அங்குலக் கட்டை முழு அளவில் இருக்கும், கடையில் இன்று கிடைப்பது கொஞ்சம் குறைவு. ஒரே வரிசையில் இரண்டையும் கலந்தால் கூரை மேடு பள்ளமாகும். செங்காலில் ஆணி அடிக்கும்முன் ஆணியின் பருமனில் பத்தில் எட்டுப் பங்கு அளவுத் துளை போடுங்கள், முழுப் பருமன் என்றால் பிடிக்காது, துளையே இல்லாவிட்டால் பிளக்கும்.

சாமில்லுக்கு (மர அறுவை ஆலை) கொண்டுபோகும் முன் ஒவ்வொரு கட்டையிலும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். தலை உடைந்து உள்ளே தங்கிய ஒரு ஆணி, சீவும் இயந்திரத்தின் கத்தி முழுவதையும் பல்லாக்கிவிடும். கத்தியின் விலை உங்கள் கணக்கில்தான் வரும்.