புதுப்பிப்பு: 18 அங்குலச் சில்லு, நடுக்கம் தீர்ந்தது

டொயோட்டா 86 காருக்கு 18 அங்குல அலோய் சில்லும் 245/35 அளவு டயரும் பூட்டிய நாள்முதல் எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பின்னால் ஆள் ஏறினால் டயர் மட்காட்டில் உரசுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சில்லின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பேலன்ஸ் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு தடவை பார்த்தும் பலனில்லை.

காரணம் வேறு. இந்தக் காரின் ஹப் (சில்லின் நடுத்துளைக்குள் நுழையும் பகுதி) 56.1 மில்லிமீற்றர் விட்டம், புதுச் சில்லின் நடுத்துளை 73.1. சில்லு சரியாக நடுவில் நிற்க இடையில் போட வேண்டிய வளையத்தைப் போடாமலே பூட்டித் தந்திருக்கிறார்கள். கல்முனையில் ஒரு பாஸ் (மெக்கானிக்) சில்லைக் கழற்றி, அந்த இடைவெளியில் சுண்டுவிரல் நுனியை வைத்துக் காட்டினார். நெஞ்சு திக்கென்றது. இப்படியேதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொத்துவில் வரை போய் வந்திருக்கிறேன்! நான்கு அலுமினிய வளையங்களைப் போட்டு, சில்லு தரையில் படுமுன்பே நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். அன்று மாலை காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலம் வரும்வரை ஸ்டியரிங் அசையவேயில்லை.

உரசல் இன்னும் தீரவில்லை. கம்பனிச் சில்லு 7 அங்குல அகலம், ஓப்செட் (சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரையான தூரம்) 48 மில்லிமீற்றர். புதுச் சில்லு 8.5 அங்குலம், ஓப்செட் 45. கணக்குப் பார்த்தால் வெளிவிளிம்பு 22 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது. டயரின் தோளில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கிறது. மட்காட்டின் உள்விளிம்பைச் சூடாக்கி மடிக்கலாம் என்கிறார் பாஸ். பெயின்ட் வெடிக்குமே என்று தயங்குகிறேன், மடித்தவர்கள் சொல்லுங்கள்.

சில்லு மாறியதால் ஸ்பீடோமீற்றர் பிழையாகக் காட்டுமா என்று கேட்ட தம்பிக்கு: டயரோடு சேர்த்துப் பழைய விட்டம் 625, புதியது 629 மில்லிமீற்றர். நூற்றுக்கு அரை வீதம்தான் வித்தியாசம்.