தோட்டத்தில் படம் எடுக்க வந்தவர்களோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன? சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

நிரைக்காரன்

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு நிழற்படக்காரரை, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு சிறு ரப்பர் தோட்டத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஏன் எங்கள் ஊர் என்று கேட்டால் எல்லாரும் சொல்வதையே அவரும் சொன்னார். 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசின் அவசரகாலச் சட்டம் வந்தது, அந்த மண்ணில் மீந்திருக்கும் மனிதர்களைப் பதிவு செய்ய வேண்டுமாம். செய்யட்டும். இப்போது எங்கு பார்த்தாலும் எண்ணெய்க்கான செம்பனை. ரப்பர் பால்மரம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

பால் வெட்டுவது இருட்டில், அதனால் இருட்டோடு போயிருக்க வேண்டும். ஐயா பசியாறிவிட்டு வந்து சேரும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. பால் வெட்டும் அக்கா தன் நிரையை, அதாவது தன் பங்கு மர வரிசையை முடித்துவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். "இன்னொரு முறை வெட்டிக் காட்டுங்கள் அம்மா" என்றார் இவர். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "மரத்துக்கு ஒரு வெட்டுத்தான் தம்பி. பட்டையை நீங்களா வளர்த்துக் கொடுப்பீர்கள்?"

அதற்குப் பிறகும் விடாமல் கெஞ்சினார். கடைசியில் அக்கா உளியைப் பட்டையில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம்தான் கண்காட்சியில் தொங்கியது, "விடியலில் பால் வெட்டும் பெண்" என்ற தலைப்போடு. மங்கு முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. வெயில் முதுகில் அடிக்கிறது. வந்த கூட்டத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பால்மங்கு

உங்கள் அக்காவின் படத்தில் வெட்டுக்கோடாவது சரியாக இருந்திருக்கும். என் அப்பா பால் வெட்டும் படம் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதும் பிரதி வாங்கிவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தார்கள். இங்கே வெட்டியவர்களுக்குத் தெரியும், கோடு மேல் இடது பக்கம் தொடங்கிக் கீழ் வலது பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்தே ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். படத்தில் கோடு எதிர்த்திசையில் இறங்கியது. சட்டைப் பையும் வலது மார்புக்குப் போயிருந்தது. அதை அப்பா பொருட்படுத்தவே இல்லை.

அம்மா சட்டம் போட்டு மாட்டலாம் என்றதற்கு, "இப்படி வெட்டினேன் என்று கிராணிக்குத் தெரிந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்" என்றார். அப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியும் இல்லை.

ஸ்டூடியோக்காரர் மகன்

முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லி நிற்க வைத்து எடுப்பது பொய் என்றால் என் அப்பா நாற்பது ஆண்டுகள் பொய் விற்றார். பெரட்டில், அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் இருந்து நேராக வந்தவருக்குக்கூட கோட்டு, கைக்கடிகாரம், பின்னால் மாடிப்படி வரைந்த திரை எல்லாம் கடையிலேயே தயாராக இருக்கும். அவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

எனக்கு மறக்காதது வேறு ஒருவர். நான் பள்ளி விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாத்தா கைக்குட்டைக்குள்ளிருந்து பழைய அடையாள அட்டை ஒன்றை எடுத்தார். 1948-இல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிவு செய்தார்களே, படமும் கைரேகையும் வைத்து, அந்தக் காலத்து அட்டை. மனைவியினுடையது. அவர் இறந்தபோது திருப்பிக் கொடுக்காமல் மறைத்து வைத்துவிட்டாராம். அந்த அம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே படம் அதுதான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, எடுப்பவர் மீது கோபம் போலப் பார்க்கிறார். தாத்தா அப்பாவிடம் சொன்னார்: "பெரிதாக்கிக் கொடுங்கள். கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அவள் அப்படிப் பார்க்கிறவள் இல்லை."

அப்பா தூரிகையால் திறந்தார். அரசாங்கம் எடுத்தது எந்த ஜோடனையும் இல்லாத படம், உங்கள் கணக்குப்படி உண்மை. அவரோடு வாழ்ந்தவர் அது அவள் இல்லை என்கிறார். யாரை நம்புவது?

லயத்துப் பெண்

ஸ்டூடியோ அண்ணனுக்கு. விரும்பிக் கேட்டவருக்குக் கண்ணைத் திறந்து வரைந்தீர்கள், நல்லது. எனக்கு நடந்தது இது. ஏழெட்டு வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு வாங்கிய சிவப்புச் செருப்பு காலில். கேமராவோடு வந்தவர் இனிமையாகத்தான் பேசினார், மிட்டாய்கூடக் கொடுத்தார். பிறகு குனிந்து, "செருப்பைக் கழற்றிவிட்டு நில் பாப்பா" என்றார். கழற்றினேன். ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். அதையும் வாங்கித் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நிதி திரட்டும் துண்டறிக்கையில் என்னைப் பார்த்தேன். வெறுங்காலோடு, சாம்பல் நிறத்தில். எங்கள் வீட்டில் வறுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்பா இரண்டு மாதம் தவணை கட்டி வாங்கிய செருப்பு அது. அந்த ஆள் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது அதைத்தான்.

மெல்லொளி

நல்ல பகிர்வுகள். என் அனுபவம் சிறியது: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவரை எடுத்தேன், அவர் படத்தைத் தன் தாய்க்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். காரில் குளிர்சாதனத்தை ஓடவிட்டுக்கொண்டு போய்த் தோட்டத்தில் இறங்கினால் லென்ஸ் முழுவதும் ஆவி படியும். அது தெளிவதற்குள் பாதி நிரை முடிந்துவிடும். கடைசிச் சில கிலோமீட்டருக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், கேமராப் பையையும் திறந்து வையுங்கள். நெற்றி விளக்கை நேராக நோக்கி எடுத்தால் முகம் கரியாகிவிடும். வெட்டுகிறவர் மரத்தைப் பார்த்துக் குனியும்போது ஒளி பட்டையில் பட்டு முகத்துக்குத் திரும்பும், அந்த நொடிக்குக் காத்திருங்கள். ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை வைக்கத் தயங்காதீர்கள், 35 மி.மீ. லென்ஸ் போதும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடித்தால் அடுத்த வெட்டு ஆழமாகிவிடும், மரம் காயப்படும்.

செம்பனைக்கு அடியில் இன்னொரு தொல்லை. மட்டைகளின் பச்சை முகத்தில் இறங்கித் தோலை நோயாளி போலக் காட்டும். நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைக் கையால் திருத்துங்கள், அல்லது கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. குலை அறுக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். இருபது கிலோ குலை விழும், மட்டையின் முள் வேறு. தோட்டம் தனியார் நிலம், நிர்வாகியிடம் அனுமதி கேளுங்கள். பின்வாசல் வழியாகப் போய் மாட்டிக்கொண்டால் உங்களை உள்ளே விட்ட காவலாளிக்குத்தான் வேலை போகும். பிரதி கொடுப்பதாகச் சொன்னால் கொடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தால் படத்தைச் சுற்றி அட்டை விளிம்பு வையுங்கள், நம் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மேலும்…

நிரைக்காரன்

அண்ணே, கேட்டது அனுபவம். ஃப்ளாஷ் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை, அதை அந்தக் கோலாலம்பூர்க்காரருக்கு அனுப்பி வைக்கிறேன்.

ஸ்டூடியோக்காரர் மகன்

லயத்துப் பெண் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. செருப்பை வாங்கி வைத்தவன் என் தொழில்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பால்மங்கு

மெல்லொளி அண்ணன் "கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். யாருடைய பிரச்சினை? எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை ஒருவர் முழுவதும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நல்ல மனதோடு பெரிதாக அச்சிட்டுக் கோயிலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பூசாரித் தாத்தா தீமிதிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "ஏனப்பா, நீ வரும்போது நெருப்பு அணைந்துவிட்டதா?"